யந்திரத்தின் கணக்கும் வைத்தியரின் திருத்தமும்

நிமோனியா கண்டு மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்து சேரும் ஒருவரை உள்ளே படுக்கவைத்துச் சிகிச்சை செய்வதா, மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதா என்று தீர்மானிப்பது வைத்தியர்கள் அன்றாடம் செய்துவருகிற காரியந்தான் என்றாலும், அந்தத் தீர்மானத்துக்குள்ளே பல வருஷத்து அனுபவமும், நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் எழும் ஊகமும், காலியாக உள்ள படுக்கைகளின் எண்ணிக்கையும், செலவுக் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில், பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையின் வைத்தியர்களும் அதற்கு அண்டையிலேயே உள்ள கார்னெகி மெலன் சர்வகலாசாலையின் கணினி ஆராய்ச்சியாளர்களும் ஒன்றுகூடி, இந்தத் தீர்மானத்துக்கு இயந்திரக் கற்றலின் துணை கிடைக்குமா என்று பார்க்கத் தலைப்பட்டார்கள். அவர்களிடம் 14,199 நோயாளிகளின் பதிவுகள் இருந்தன. வயது, நாடித் துடிப்பு, மூச்சின் வேகம், ரத்தத்தில் யூரியாவின் அளவு, ஏற்கெனவே இருந்த வியாதிகள் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் குறிக்கப்பட்டிருந்ததோடு, முடிவில் அவர் பிழைத்தாரா, மாண்டாரா என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. மாண்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவர். இவர்களில் 9,847 பேருடைய விவரங்களைக் காட்டி யந்திரத்தைப் பழக்குவது, மிச்சமுள்ள 4,352 பேரைக் கொண்டு அதைப் பரீட்சிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டு, எட்டு வெவ்வேறு முறைகளை அருகருகே வைத்துச் சோதித்தார்கள்.

அந்த முறைகளில் ஒன்று, தான் கற்றதை மனிதர் படிக்கக்கூடிய விதிகளாக எழுதித் தருவது. அது எழுதித் தந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோது, ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் மரண அபாயம் குறைவு என்று ஒரு விதி தென்பட்டது. வைத்திய சாஸ்திரத்தின் ஆரம்பப் பாடம் படித்தவர்கூட அதை ஒப்புக்கொள்ளமாட்டார். ஏற்கெனவே சுருங்கித் தவிக்கும் சுவாசக் குழாய்களோடு நுரையீரல் அழற்சியும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகுமே ஒழியச் சீராகாது. ஆனால் பதிவுகளைத் திருப்பிப் பார்த்தால் விதி சொன்னது வாஸ்தவமாகவே இருந்தது. அந்த மருத்துவமனைகளில் ஆஸ்துமாவும் நிமோனியாவும் சேர்ந்து வந்தவர்கள் குறைவாகவே மாண்டிருந்தார்கள். காரணம் வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது: அப்படிப்பட்டவர் வந்தால், அபாயம் பெரிது என்று அறிந்து, அவரை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே கிடைத்த இடைவிடாத கவனிப்பு அத்தனை பலன் தந்தமையால், மற்ற நோயாளிகளைவிட அவர்கள் அதிகமாகப் பிழைத்தார்கள். யந்திரத்துக்குக் காட்டப்பட்டது பிழைத்தவர் கணக்கு மாத்திரமே. பிழைக்கவைத்த சிகிச்சை அந்தக் கணக்கில் ஒரு பத்தியாக இல்லை. அந்த விதியை அப்படியே நம்பி ஆஸ்துமா நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அவருடைய உயிரைக் காத்துவந்த காரணத்தையே அகற்றிவிட்டதாக முடிந்திருக்கும்.

யந்திரம் தவறு செய்யும் என்பதற்கு உதாரணமாக இந்தச் சம்பவத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் அது சம்பவத்தின் சாரத்தைத் தவறவிடுவதாகும். யந்திரம் கணக்கில் பிசகவேயில்லை. கொடுத்த விவரங்களிலிருந்து கிடைக்கக்கூடிய உண்மையை அது நேர்மையாக எடுத்துச் சொன்னது. அந்த உண்மையை எந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்று பகுத்தறிய, அந்த விவரங்கள் எப்படி உண்டாயின என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது; அவர் படிக்கும்படியாக அது எழுதப்பட்டிருக்க வேண்டியிருந்தது; படித்தபின் அவர் அதை அடித்துத் திருத்த இடமும் இருக்க வேண்டியிருந்தது. இந்த மூன்றாவது அம்சத்தைப் பற்றி உலகம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது. யந்திரம் தன் முடிவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையை எங்கும் கேட்கிறோம். விளக்கம் கேட்பது திருத்துவதற்காகத்தான் என்பதை இந்தத் துறையின் ஆரம்பகாலத்து மனிதர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பிட்ஸ்பர்க் குழுவில் இருந்த புரூஸ் புக்கானன் அந்த ஆரம்பகாலத்தைச் சேர்ந்தவர். அவர் அதற்கு முன் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் பல வருஷங்கள் பணியாற்றியவர். 1970களில் அங்கே எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற இளைஞர், வைத்தியப் படிப்பையும் கணினி ஆராய்ச்சியையும் ஒருசேரப் படித்துக்கொண்டிருந்தபோது, புக்கானனையும், மரபணுக்களை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சியால் பின்னர் பெரும் புகழ் பெற்ற ஸ்டான்லி கோஹனையும் துணையாகக் கொண்டு, மைசின் என்ற நிரலை உருவாக்கினார். ரத்தத்திலே பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டவருக்கு எந்தக் கிருமி காரணமாக இருக்கலாம், எந்த ஆன்டிபயாடிக்கை எவ்வளவு கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது மைசினின் வேலை. அதன் அறிவு முழுவதும் ஏறத்தாழ ஐந்நூறு விதிகளாக எழுதப்பட்டிருந்தது. தொற்று இன்ன வகையானது, ரத்தமோ வேறு திரவமோ இன்ன இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, கிருமி இன்ன வழியாக உள்ளே நுழைந்திருக்கலாம் என்று நிபந்தனைகளை அடுக்கி, அப்படியானால் இன்ன கிருமியாக இருக்கலாம் என்பதற்கு இவ்வளவு தூரம் ஆதாரம் உண்டு என்று ஓர் எண்ணோடு முடியும் விதிகள் அவை. நிரல் ஒரு கேள்வி கேட்கும்போது, அதை ஏன் கேட்கிறாய் என்று வைத்தியர் திருப்பிக் கேட்கலாம். தான் அப்போது எந்த விதியைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது என்பதை அது வாக்கியமாக எழுதிக் காட்டும். இந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால், வந்த வழியிலிருந்த விதிகளை வரிசையாகச் சொல்லும்.

1979இல் வெளிவந்த ஒரு பரீட்சை, மைசினின் தகுதியை நன்றாக எடுத்துக்காட்டியது. மூளைச்சவ்வு அழற்சி கண்ட பத்து நோயாளிகளின் விவரங்களை மைசினிடமும் ஸ்டான்ஃபோர்டு வைத்தியர்களிடமும் கொடுத்து, யார் சொன்ன சிகிச்சை எது என்று தெரியாதபடி மறைத்து, வெளியிலிருந்த எட்டு நிபுணர்களின் தீர்ப்பைக் கேட்டார்கள். மைசின் சொன்னவற்றில் 65 சதவிகிதம் ஏற்கத்தக்கவை என்று நிபுணர்கள் கூறினார்கள். ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்ப் பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 சதவிகிதம் வரை. ஆயினும் மைசின் எந்த மருத்துவமனையின் வார்டிலும் அன்றாட உபயோகத்துக்கு வரவேயில்லை. ஒரு நோயாளிக்காக அரைமணி நேரம் விவரங்களைத் தட்டச்சு செய்யும் அவகாசம் எந்த வைத்தியருக்கும் இல்லை என்பது அதற்குப் போதுமான காரணம்.

மைசினைவிட அதிகமாக என் மனத்தைக் கவர்வது, அதன் நிழலிலேயே வளர்ந்து அதன் நிழலிலேயே மறைந்துபோன இன்னொரு நிரல். ராண்டல் டேவிஸ் என்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர் 1976இல் தம் ஆய்வேட்டுக்காகச் செய்த அதற்கு, கிரேக்கப் புராணத்துக் குருட்டுத் தீர்க்கதரிசியான டைரீசியஸின் பெயரைச் சூட்டினார். மைசின் தவறான ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்று ஒரு வைத்திய நிபுணர் கருதினால், டைரீசியஸ் அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுபோல, அந்த முடிவுக்கு இட்டுச் சென்ற விதிகளின் சங்கிலியைப் பின்னோக்கிப் பின்னோக்கிக் காட்டும். இந்த விதி சரிதானா, இந்த நிபந்தனை இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று படிப்படியாகக் கேட்டு, கோளாறு இருக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே அவர் ஒரு விதியை மாற்றலாம், அல்லது புதிய விதி ஒன்றைச் சாதாரண ஆங்கில வாக்கியமாகவே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்ததும் டைரீசியஸ் அதை மௌனமாக ஏற்றுக்கொண்டுவிடாது. ஏற்கெனவே உள்ள விதிகளின் பொதுவான சாயல் எப்படி என்பதை அது தொகுத்து வைத்திருக்கும். ஆகவே, இந்த வகை விதிகளில் கிருமி நுழைந்த வழியைப் பற்றியும் ஒரு நிபந்தனை இருப்பது வழக்கம், உங்கள் விதியில் அது இல்லையே, சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். திருத்துகிறவருக்கும் திருத்தப்படுகிறதற்கும் இடையே இத்தனை மரியாதையான சம்பாஷணையை ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் கற்பனை செய்தார், கற்பனையோடு நில்லாமல் இயக்கியும் காட்டினார் என்பது எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது.

ஆனால் அந்த ஸ்டான்ஃபோர்டு பரம்பரையே தன் குறையையும் தானே கண்டுபிடித்தது. வில்லியம் கிளான்சி என்பவர், மைசினின் விதிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம் என்று எண்ணி முயன்றார். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுக்கலாகாது என்று மைசினில் ஒரு விதி உண்டு. மாணவன் ஏன் என்று கேட்டால், நிரல் அந்த விதியையே திருப்பிச் சொல்லுமேயன்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாது. வளரும் பல்லிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தோடு அந்த மருந்து கலந்து தங்கிவிடும். பற்கள் நிரந்தரமாகக் கறை பிடித்துவிடும். மருந்தை விலக்குவது அதற்காகவே. இந்தக் காரணம் நிரலுக்குள்ளே எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது விதியை எழுதிய வைத்தியரின் மனத்திலேயே தங்கிவிட்டது. காரணம் தெரிந்த வைத்தியர், வேறு எந்த மருந்தும் பலிக்காமல் குழந்தையின் உயிரே போய்விடும் என்ற நிலையில், பல் கறுத்தாலும் பாதகமில்லை என்று துணிந்து அந்த விதியை மீறுவார். காரணம் தெரியாதவருக்கு மீறவும் தெரியாது, திருத்தவும் தெரியாது. 1983இல் கிளான்சி இதை விரிவாக எழுதினார். ஒரு விதி வாசிக்கத்தக்க வாக்கியமாக இருப்பதும், அதைத் திருத்தும் தகுதி வாசிப்பவருக்கு வந்துவிடுவதும் ஒன்றல்ல என்பதை அந்த டெட்ராசைக்ளின் விதியைப்போலத் தெளிவாகக் காட்டிய உதாரணம் வேறு எதையும் நான் அறியேன்.

நிபுணர்களின் எதிரே உட்கார்ந்து அவர்கள் மனத்திலுள்ளதை ஒவ்வொரு விதியாகக் கறந்தெடுக்கும் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. அதனால் 1980களில் ஆராய்ச்சியாளர்களின் நாட்டம், விவரங்களிலிருந்து யந்திரம் தானே கற்கும் முறைகளின்மேல் திரும்பியது. 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு நரம்பு வலைப்பின்னல்களைப் பழக்குவது பரவலாயிற்று. அவற்றுக்குள்ளே விதி என்று எடுத்துக் காட்டக்கூடியது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான எண்கள் மாத்திரம் உண்டு. எந்த எண்ணை மாற்றினால் எது மாறும் என்று அதைப் பழக்கியவருக்கே தெரியாது. டேவிஸ் கட்டிக்கொடுத்த வசதி, ஒருவரும் வேண்டாமென்று சொல்லாமலே, இப்படிக் கைநழுவிப் போயிற்று.

பிட்ஸ்பர்க்கில் இந்த இரண்டு காலங்களும் ஒரே மேஜையில் சந்தித்தன. நரம்பு வலைப்பின்னலைப் பழக்கியவர் ரிச் கருவானா. அப்போது கார்னெகி மெலனில் ஆராய்ச்சி மாணவர். மாண்டவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் ஜோடியாக நிறுத்தி, இருவரில் யாருக்கு அபாயம் அதிகம் என்று கேட்டால், அவருடைய வலைப்பின்னல் நூறு ஜோடிகளுக்கு 86இல் சரியாகச் சொல்லும். வைத்திய ஆராய்ச்சியில் நெடுநாளாகப் புழங்கிவந்த லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய முறை 77இல் சரியாகச் சொல்லும். வித்தியாசம் சிறிதல்ல. இருந்தும், நோயாளிகளின்மேல் உபயோகிக்க வலைப்பின்னலை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சொன்னவர்களில் கருவானாவும் ஒருவர். ஆஸ்துமா விஷயம் வேறொரு முறை விதியாக எழுதிக் காட்டியதால் தற்செயலாக வெளிப்பட்டது. அதே பதிவுகளிலிருந்து கற்ற வலைப்பின்னலும் அதையே கற்றிருக்கும். ஆஸ்துமாவை எப்படியோ சரிசெய்துவிட்டாலும், அதைப்போல யார் கண்ணிலும் படாத இன்னும் எத்தனை அதற்குள்ளே ஒளிந்திருக்குமோ என்பது அவர் வாதம். தாம் பாடுபட்டுச் செய்ததையே தள்ளிவைக்கச் சொல்ல ஓர் இளம் ஆராய்ச்சியாளருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 14,199 நோயாளிகளின் பதிவுகளிலிருந்து, அதே பிட்ஸ்பர்க்கின் வைத்தியர் மைக்கேல் ஃபைனும் அவர் குழுவினரும் வேறொரு வழியில் சென்று, 1997இல் ஒரு மதிப்பெண் அட்டையை வெளியிட்டார்கள். 38,039 பேர் அடங்கிய மற்றொரு தொகுதியைக் கொண்டு அதைச் சரிபார்த்தும் இருந்தார்கள். இருபது அம்சங்கள் அடங்கிய அந்த அட்டையைக் காகிதமும் பென்சிலும் கொண்டு போட்டுப் பார்த்துவிடலாம். அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆணுக்கு வயதே புள்ளி, பெண்ணுக்கு வயதில் பத்தைக் கழிக்க வேண்டும், ஆகவே 52. அவருக்குச் சிறுநீரக நோய் உண்டு. பத்தைக் கூட்டினால் 62. ரத்தத்தில் யூரியா நைட்ரஜன் 30 மில்லிகிராமை எட்டியிருக்கிறது. இருபது கூட்டினால் 82. எழுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூன்றாம் வகுப்பு. சிறிது நேரம் கவனித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அவர் நிமிஷத்துக்கு முப்பது தடவை மூச்சு வாங்குகிறார் என்றால் இன்னும் இருபது கூடி 102 ஆகிவிடும். அது நான்காம் வகுப்பு. உள்ளே சேர்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து வந்தது என்று கண்ணெதிரே தெரிகிறது. அந்த இருபது அம்சங்களில் ஆஸ்துமாவுக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. நோயாளிக்கு ஆஸ்துமா இருப்பதைப் பார்க்கிற வைத்தியர், அட்டை என்ன சொன்னாலும், அட்டையில் இல்லாததைத் தாமே சேர்த்து யோசிக்கிறார். இத்தனை எளிய அட்டைக்குள்ளே நுட்பம் குறைவு என்பது உண்மை. முப்பதுக்கு ஒரு புள்ளி குறைந்த யூரியாவுக்கு ஒன்றுமில்லை, முப்பதைத் தொட்டால் முழுதாக இருபது என்ற படிக்கட்டை உடம்பு அறியாது.

வலைப்பின்னலின் நுட்பத்தையும் அட்டையின் தெளிவையும் ஒருசேரப் பெற வழி உண்டா என்ற கேள்விக்கு, புள்ளியியலிலே விடை ஏற்கெனவே பாதி எழுதப்பட்டுக் கிடந்தது. 1986இல் டிரெவர் ஹேஸ்டியும் ராபர்ட் டிப்ஷிரானியும் ஒரு கணித மாதிரியை விவரித்திருந்தார்கள். வயதுக்கு ஒரு வளைகோடு, யூரியாவுக்கு ஒரு வளைகோடு, நாடிக்கு ஒன்று என்று ஒவ்வோர் அம்சத்துக்கும் தனித்தனி வளைகோடு வரைந்து, நோயாளிக்கு உரிய அளவுகளை ஒவ்வொரு கோட்டிலும் பார்த்து, மளிகைக் கடைச் சிட்டையில் வரிவரியாகத் தொகை போட்டுக் கூட்டுவதுபோலக் கூட்டிவிடுவது அதன் முறை. படிக்கட்டு இல்லை, கோடு எப்படி வேண்டுமானாலும் வளையலாம். ஆனாலும் ஒவ்வொரு வரியும் தனியே நின்று கண்ணுக்குத் தெரியும். கருவானா பின்னர் யின் லோ, யோஹான்னஸ் கெர்க்கே ஆகியோரோடு சேர்ந்து, 2012, 2013ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் இந்த வளைகோடுகளைப் புதிய கற்றல் முறைகளால் மிகக் கூர்மையாக வரையவும், இரண்டிரண்டு அம்சங்கள் சேர்ந்து விளைவிக்கும் மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளவும் வழி செய்தார். அதன்பின் 2015இல், தம் இளமையில் தள்ளிவைத்த அந்தப் பழைய நிமோனியாப் பதிவுகளுக்கே திரும்பினார்.

46 அம்சங்கள், 46 கோடுகள், கூடவே சில ஜோடிகள். படிக்கப் படிக்க மருத்துவமனையின் வழக்கங்களே அந்தக் கோடுகளில் எழுந்து நின்றன. யூரியாக் கோடு முப்பது வரைக்கும் தாழ்ந்தே சென்று, ஐம்பதுக்கு மேல் அபாயத்தின் பக்கம் உயர்ந்து நின்றது. வைத்திய நூல்கள் சொல்வதும் அதுதான். ஆனால் மிகப் பெரும்பாலோருக்கு யூரியா பூஜ்யம் என்று குறிக்கப்பட்டிருந்தது. உயிரோடு உள்ளவருக்கு அது பூஜ்யமாக இருக்க முடியாது. அளக்கவில்லை, அல்லது இயல்பாக இருக்கும் என்று கொண்டார்கள் என்பதற்கு மருத்துவமனைகள் இட்ட அடையாளம் அந்தப் பூஜ்யம். ஆஸ்துமா தன் பழைய கதையையே சொன்னது. அதோடு நாட்பட்ட நுரையீரல் நோயும், முன்பு நெஞ்சுவலி வந்திருந்தமையும் அபாயத்தைக் குறைப்பனவாக அந்தக் கோடுகளில் தென்பட்டன. இளமையில் கருவானா அஞ்சிய ஒளிந்திருக்கும் விதிகளில் சில இப்படி வெளிச்சத்துக்கு வந்தன. கணிப்பின் துல்லியத்திலோ இழப்பு ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான மரங்களை ஒன்றாக அடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறை, முன்பு சொன்ன ஜோடிப் பரீட்சையில் 0.846, அதாவது நூற்றுக்கு 84.6 பெற்றது, படிக்கத்தக்க இந்த மாதிரி 0.857ஐத் தாண்டியது.

இங்கேதான் திருத்தும் காரியம், நாற்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு, மறுபடி மேஜைக்கு வருகிறது. ஆஸ்துமாவைப் பற்றிய பத்தியை ஆரம்பத்திலேயே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டு யந்திரத்தைப் பழக்கினால் என்ன என்று முதலில் தோன்றும். அது விபரீதமாக முடியும் என்பது இந்த ஆராய்ச்சியின் மிக மதிப்புள்ள போதனைகளில் ஒன்று. ஆஸ்துமாவோடு கூடவே வரும் வேறு அம்சங்கள் பதிவேட்டில் உண்டு. ஆஸ்துமா இல்லாவிட்டால் அந்தப் பொய்யான பாதுகாப்பை யந்திரம் அவற்றின்மேல் பகிர்ந்து ஏற்றிவிடும். பிறகு அது எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று ஒருவராலும் பொறுக்கியெடுக்க முடியாது. ஆகவே ஆஸ்துமாவைப் பதிவேட்டிலேயே விட்டுவைத்து, யந்திரம் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டு, கற்றது முழுவதும் அந்த ஒரே கோட்டில் வந்து திரண்டபின், அந்தக் கோட்டை மாத்திரம் எடுத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம், அல்லது வைத்தியர் தம் அறிவைக் கொண்டு அபாயத்தின் பக்கமாகவே திருப்பி வரையலாம். இனம், பால் முதலியவற்றைப் பதிவேட்டிலிருந்து அழித்துவிட்டால் பாரபட்சம் அழிந்துவிடும் என்று நம்புகிற சட்டக்காரர்களும் நிர்வாகிகளும் இந்த ஒரு விஷயத்தையாவது ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோட்டைத் திருப்பி வரைவதற்கென்றே ஒரு கருவி 2021இல் வெளிவந்தது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே வாங், கருவானா முதலிய மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களோடும் நியூயார்க்கின் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனை வைத்தியர்களோடும் சேர்ந்து செய்த கேம் சேஞ்சர் என்பது அது. அவர்கள் எடுத்துக்காட்டும் உதாரணத்தில், நிமோனியா நோயாளிகளின் வயதுக் கோடு 81க்கும் 87க்கும் இடையே வைத்தியருக்கு ஒவ்வாதபடி வளைந்து நிற்கிறது. அந்த வயதில் அபாயம் படிப்படியாகக் கூடுமே தவிர அப்படி நடந்துகொள்வதற்கு உடற்கூற்றில் நியாயமில்லை. வைத்தியர் அந்தத் துண்டை மவுஸால் வளைத்துப் பிடித்து, இரண்டு நுனிகளையும் சீரான சரிவாக இணைத்துவிடுகிறார். உடனே திரையின் ஒரு பக்கத்தில் துல்லியம் எவ்வளவு மாறியது என்று தெரிகிறது. இந்த மாற்றத்துக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் வேறு எந்த அம்சங்களில் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள் என்பதும் தெரிகிறது. எல்லாக் கணக்கும் வைத்தியரின் கணினிக்குள்ளேயே நடப்பதால், நோயாளிகளின் விவரங்கள் வெளியே எங்கும் போவதில்லை.

இதில் அபாயமும் உண்டு. வைத்தியரின் அறிவு என்று நாம் மதிப்பதில் அவருடைய முன்முடிவும் கலந்திருக்கலாம். தமக்கு விநோதமாகப் பட்டதையெல்லாம் வழித்துச் சமன் செய்துவிடுகிறவர், இதுவரை ஒருவரும் அறியாத உண்மை ஒன்றையும் சேர்த்து வழித்தெறிந்துவிடக்கூடும். செலவைக் குறைக்க விரும்பும் நிர்வாகி ஒருவர் கோட்டைத் தமக்குச் சாதகமாக இழுத்துவிடவும் தடையில்லை. கேம் சேஞ்சரைச் செய்தவர்கள் இதை உணர்ந்தே, ஒவ்வொரு திருத்தத்தையும் நேரத்தோடு பதிந்து வைத்து, திருத்தியவர் அதற்குக் குறிப்பு எழுதவும், மாதிரியை வெளியே எடுத்துச் செல்லுமுன் ஒவ்வொரு திருத்தத்தையும் மறுபடி பார்த்து உறுதிசெய்யவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கிளான்சி கண்ட குறையை நினைத்துப் பார்க்கும்போது, கருவியின் மற்ற நுட்பங்களையெல்லாம்விட இந்தச் சிறு குறிப்பேட்டையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஏனென்றால் அடுத்த வைத்தியர் வந்து இந்தக் கோட்டைப் பார்க்கும்போது, அது ஏன் இப்படி வரையப்பட்டது என்ற காரணம் இந்தத் தடவை எழுதப்பட்டிருக்கும்.

கோடுகள் 46 ஆக இருக்கும்வரை இது நடக்கிற காரியம். கருவானாவின் அதே 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில், வீடு திரும்பிய நோயாளிகள் 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனைக்கு வருவார்களா என்று கணிக்கும் மற்றொரு மாதிரிக்கு 3,956 அம்சங்கள். அத்தனை கோடுகளையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க முடியாது. ஒரு நோயாளிக்கு எவை அதிகமாக எடை போட்டனவோ அவற்றை மட்டும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

இன்று உலகம் பேசும் பெரிய மொழி மாதிரிகளுக்குள்ளே கோடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கோடிக்கணக்கான எண்களே உண்டு. அவற்றையும் திருத்த முயன்றிருக்கிறார்கள். 2022இல் கெவின் மெங், டேவிட் பாவ் முதலியோர், அத்தகைய மாதிரி ஒன்றின் நடு அடுக்குகளில் ஒரு தகவல் எங்கே தங்கியிருக்கிறது என்று தேடிக் கண்டு, அங்குள்ள எண்களை மாற்றி, ஈஃபில் கோபுரம் ரோமாபுரியில் இருப்பதாக அதை நம்பச் செய்தார்கள். அங்கே போக வழி கேட்டாலும், பக்கத்தில் என்ன பார்க்கலாம் என்று கேட்டாலும், அது ரோமை மனத்தில் வைத்தே பதில் சொல்லிற்று. மறுவருஷமே பீட்டர் ஹேஸும் மற்றவர்களும் அதே முறையைத் துருவிப் பார்த்து, தகவல் தங்கியிருப்பதாகத் தேடல் காட்டுகிற அடுக்குக்கும், திருத்தினால் பலிக்கிற அடுக்குக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்று காட்டினார்கள். வேறு அடுக்கில் திருத்தினாலும் அதே அளவுக்குப் பலித்தது. நிமோனியாக் கோட்டைத் திருத்துகிற வைத்தியருக்கு, படித்த இடமும் திருத்திய இடமும் ஒன்றே. மொழி மாதிரியைத் திருத்துகிறவருக்கு அவை இரண்டும் வெவ்வேறு இடங்களாக இருக்கின்றன. தாம் ஒன்றைத் திருத்தியபோது அக்கம்பக்கத்தில் வேறெதுவும் கெட்டுப்போகவில்லையா என்று அறிய, 2022ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் உண்மைக்கு மாறான தகவல்களை வேண்டுமென்றே அமைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கேள்விகளை அடுக்கி, 21,919 பதிவுகள் கொண்ட ஒரு பரீட்சைத் தொகுதியையே தயாரிக்க வேண்டியிருந்தது.